அலையாத்தி நடவு: செலவு-பயன் கணக்கில் இரண்டு சிக்கல்

வேதாரண்யம் பக்கம் அலையாத்தி நடவுக்கு 30 ஆண்டுக் கணக்குப் போடுகிறோம். மீன்முள் வடிவ வாய்க்கால் வெட்டி வெண்கண்டல் (அலையாத்தி மர வகை) நடவு. வாய்க்கால் வாயில் வண்டல் அடைத்தால் ஓதநீர் ஏறாது, மண்ணில் உப்பு கூடிக் கன்று கருகும். அதனால் தூர்வாரும் செலவைச் சேர்த்தாயிற்று. (இதை விட்டுவிட்டுத்தான் பலர் அழகான எண் காட்டுகிறார்கள்.)

20ஆம் ஆண்டில் வரும் 100 ரூபாய்ப் பயன், 12% தள்ளுபடி விகிதத்தில் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு ஆண்டுதோறும் குறைக்கும் விகிதம்) இன்றைக்கு 10 ரூபாய்தான். 4% என்றால் 46. நிதி தருபவர்கள் எதை ஏற்கிறார்கள்?

அடுத்து, அலையாத்தி தடுக்கும் புயல் சேதத்தையும் பயனில் சேர்க்க வேண்டும். கையில் இருப்பது 2018 கஜா புயல் சேத விவரம் மட்டும். ஒரே புயலை வைத்து ஆண்டுச் சராசரி இழப்பு போட முடியாது. 10, 25, 50 ஆண்டுக்கொருமுறை வரும் நீர்மட்டத்துக்கு எத்தனை வீடு, படகு, உப்பளம் போகும் என்று தெரிய வேண்டும். பழைய புயல்களில் நீர் ஏறிய மட்டத்தை வீட்டுச் சுவரில் காட்டும்படி பெரியவர்களிடம் சொல்லிக் கணக்கெடுத்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா? படிவம் இருந்தால் அனுப்புங்களேன்.