டெய்ட்டியில் ரோமை எப்படித் தொடங்குவது?

ஆட்டம் சிவிலைசேஷன் 6 என்ற கணினி வியூக விளையாட்டு, கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்துடன். டெய்ட்டி நிலை (இருப்பதிலேயே கடினமானது), பாஞ்சியா வரைபடம் (ஒரே பெரிய கண்டம்), ஸ்டாண்டர்ட் வேகம், ரோம் (டிராஜன்). 30வது டர்ன் நெருங்கும்போது பக்கத்து நாட்டு வாரியர்கள் கும்பலாக வந்து என் இரண்டாவது நகரத்தைப் பிடித்துவிடுகிறார்கள். கணினி ஆடும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆரம்பத்திலேயே 3 செட்லர் (புது நகரம் அமைப்பவர்), நமக்கு ஒன்று. சரி, அது தெரிந்த கதைதான்.

ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்), ஸ்லிங்கர் (கவண் வீரர்), செட்லர் என்று உற்பத்தி வரிசை வைத்துப் பார்த்தேன். நகரம் சீக்கிரம் எழும்புகிறது, காக்க ஆள் இல்லை. அப்புறம் ஸ்லிங்கரை முதலில் எடுத்து, அதை வைத்து ஒரு காட்டுமிராண்டியைக் கொன்று ஆர்ச்சரி யுரேகாவை (வில்வித்தை ஆராய்ச்சியை விரைவுபடுத்தும் ஊக்கம்) வாங்கி, படை உற்பத்தியை வேகப்படுத்தும் அகோகே கொள்கைக் கார்டோடு ஆர்ச்சர்களை (வில் வீரர்கள்) குவித்தேன். தலைநகரம் தப்பியது. ஆனால் ஆற்றங்கரை நிலத்தையெல்லாம் அதற்குள் மற்றவர்கள் வளைத்துவிட்டார்கள். செட்லர் விலை வேறு 80இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் ஏறுகிறது, மக்கள்தொகையிலும் ஒன்று போகிறது. முதல் சந்திப்பிலேயே தூதுக்குழு அனுப்பியும் பார்த்தாயிற்று. 25 தங்கம் போனதுதான் மிச்சம்.

ரோமுக்கு மானுமெண்ட் (கல்ச்சர் தரும் கட்டிடம்) இலவசம் என்பதால் கல்ச்சர் வேகமாகவே சேர்கிறது. அப்படியென்றால் முதல் செட்லரை ஆர்ச்சர்களுக்கு முன்பே எடுப்பதா, செட்லர் உற்பத்தியை வேகப்படுத்தும் காலனைசேஷன் கார்டு வரும்வரை பொறுப்பதா?