ஒரே வீட்டில் என் போன் அலறியது, அம்மாவின் போன் ஏன் கம்மென்று கிடந்தது?

கடலூர்க்காரன்:
2023 அக்டோபரில் அரசாங்கம் சோதனை எச்சரிக்கை அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? என் போன் சைலன்ட்டில் இருந்தும் அலறிய அலறலில் கையிலிருந்த டீ கொட்டிவிட்டது. பக்கத்திலேயே இருந்த அம்மாவின் போனில் சத்தமே இல்லை, இத்தனைக்கும் இரண்டும் ஒரே கம்பெனி சிம். மழை எச்சரிக்கை எஸ்எம்எஸ் மட்டும் அவருக்கு வரும், அதுவும் பல நேரம் மழை பெய்து முடிந்து துணி காயப்போட்ட பிறகு. அடுத்த புயலுக்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம், நம் நம்பரை வைத்துத்தான் இதை அனுப்புகிறார்களா?

டவர் தாத்தா:
நம்பரே வேண்டாம் தம்பி. எஸ்எம்எஸ் என்பது தபால்காரர் வீடு வீடாகப் போவது மாதிரி, லட்சக்கணக்கான நம்பருக்கு ஒவ்வொன்றாகப் போக வேண்டும் என்பதால் வரிசையில் நின்று தாமதமாகும். உன்னை அலறவைத்தது செல் பிராட்காஸ்ட், அதாவது கோயில் ஒலிபெருக்கி. டவர் ஒரே தடவை சொல்லும், அதன் எல்லைக்குள் இருக்கிற போன்கள் எல்லாம் கேட்டுக்கொள்ளும், யார் கேட்டார்கள் என்று டவருக்கே தெரியாது. நெட் பேக் தீர்ந்திருந்தாலும் வரும், எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போட்டு லைன் கிடைக்காத சமயத்திலும் வரும். இது ஒன்றும் புதுசும் இல்லை. நோக்கியா 1100-இல் 'அடையார்', 'தாம்பரம்' என்று ஏரியா பெயர் ஸ்க்ரீனில் மாறிக்கொண்டே வருமே, சேனல் 50 என்று போட்டு வைத்திருப்போமே, அதே சங்கதிதான். அதைப் புயலுக்கும் சுனாமிக்கும் பயன்படுத்த நமக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது!

குளச்சல் பையன்:
தாத்தா சொன்னது சரி, ஆனால் டவர் இருக்கிற இடத்தில்தானே ஒலிபெருக்கி? 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி வந்தபோது எங்கள் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் தங்குகடல் தொழிலுக்குப் போய் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையைவிட்டு கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் செத்துவிடும், அங்கே வயர்லெஸ் செட்டோ சாட்டிலைட் கருவியோதான் பேசும். கரையிலும் புயலில் கரண்ட் போய் டவர் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தால் கதை அவ்வளவுதான். அதனால் புயல் வருவதற்கு முந்தைய நாளே அனுப்பினால்தான் பிரயோஜனம்.

பொன்னி:
கேள்வியை விட்டு எங்கெங்கோ போய்விட்டீர்கள் அண்ணா. அம்மா போனில் செட்டிங்ஸ் திறந்து, 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' உள்ளே 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்' பாருங்கள், சில போனில் வேறு இடத்தில் இருக்கும், 'எமர்ஜென்சி' என்று தேடினால் கிடைக்கும். சோதனைச் செய்திக்குத் தனி பட்டன், அது பல போனில் அணைந்தேதான் இருக்கும். சத்தம் பிடிக்காமல் மற்றதையும் சேர்த்து அணைத்துவிடாதீர்கள். ஹவாயில் 2018 ஜனவரியில் ஏவுகணை வருகிறது என்று தவறாக அனுப்பிவிட்டு, தவறு என்று சொல்ல 38 நிமிஷம் எடுத்தார்கள், அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் அணைத்து வைத்தார். நான் திரும்பப் போட்டுவிட்டேன்.

கடலூர்க்காரன்:
பார்த்தேன். சோதனை பட்டன் மட்டுமில்லை, மொத்தமும் ஆஃப். "சும்மா சும்மா கத்தும்னு தங்கச்சிதான் அணைச்சு வெச்சா" என்கிறார் அம்மா. தங்கச்சி சத்தியம் செய்கிறாள், அவள் இல்லையாம்.