லங்காஸ்டரில் ஒரே ஒரு பைலட்தான்

விமானிகளைச் சந்தித்த கதை பலரிடம் இருக்கும், என்னிடமும் ஒன்று உண்டு.

2012-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானத் தளங்கள் நிறைந்திருந்த வட்டாரம் அது. அங்கே 90 வயதுப் பெரியவர் ஒருவர். காது மந்தம், போரில் அவர் ஓட்டிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் நான்கு மெர்லின் எஞ்சின்கள் செய்த வேலை என்பார். என் பெயர் அவர் வாயில் நுழையாததால் 'சிஸ்டர்' என்றே கூப்பிடுவார்.

ஜூன் 28 அன்று, லண்டன் கிரீன் பார்க்கில் குண்டுவீச்சுப் படையினருக்கான நினைவுச்சின்னத்தை ராணி திறந்துவைத்ததை டிவியில் காட்டினார்கள். ஒரு விமானத்தின் பணியாளர்களாக, வெண்கலத்தில் ஏழு பேர். பெரியவர் விரலை நீட்டி, "இதில் பைலட் ஒருத்தன்தான், தெரியுமா சிஸ்டர்?" என்றார். அதுவரை போரைப் பற்றி வாயே திறக்காதவர்.

லங்காஸ்டரில் துணை விமானி கிடையாது. பக்கத்தில் இருப்பவர் ஃப்ளைட் எஞ்சினியர். பெரியவருக்கு அப்போது வயது 21. மற்ற ஆறு பேருக்கும் இவர்தான் 'ஸ்கிப்பர்', அதாவது தலைவர். குண்டுவீச 30 முறை போய்த் திரும்பினால் ஒரு சுற்று முடியும். அந்தப் படையின் சுமார் 1,25,000 விமானப் பணியாளர்களில் 55,573 பேர் இறந்துபோனார்கள். 1943-44 குளிர்காலத்தில் பெர்லினுக்கு மட்டும் எட்டு முறை போனாராம்.

1948-இல் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலையையும் ரயிலையும் அடைத்தபோது, அதே ஊருக்கு எரிபொருள் ஏற்றிப் போனார். விமானம் லங்காஸ்ட்ரியன், அதாவது துப்பாக்கிக் கூண்டுகளைக் கழற்றிய லங்காஸ்டர். "மனசு எப்படி இருந்தது?" என்று கேட்டேன். உருக்கமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தது என் தப்பு. "எனக்கு வேலை வேண்டுமே" என்றார். அவருடைய ஆறாத கோபம் வேறு. முதல் தடவை இறங்க முடியாவிட்டால் மறுபடி வட்டமடிக்க விடமாட்டார்கள், பின்னால் விமானங்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். சரக்கோடு அப்படியே தளத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். மேகம் மூடி ஒருமுறை அப்படித் திரும்பியதை 60 வருடம் தாண்டியும் திட்டினார்.

அப்புறம் வைக்கவுண்ட் என்ற பயணிகள் விமானத்தில் கேப்டன். அங்கேதான் சிக்கல், பக்கத்தில் இன்னொரு பைலட்! தரையிறக்குவது துணை விமானியின் முறையாக இருந்தாலும் இவர் கை தானாக த்ராட்டிலுக்கு, அதாவது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடிக்கு, போய்விடுமாம். பொறுத்துப் பார்த்த ஒரு பையன், "நீங்களே இறக்குங்கள் கேப்டன், நான் பின்னால் போய் காபி குடிக்கிறேன்" என்றானாம். இதைச் சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

அவருடைய சக்கர நாற்காலியை நான் தள்ளும்போதெல்லாம் ஒரு கை பிரேக்கிலேயே இருக்கும். எனக்குத் தோள் கடுக்கும். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.