எழுத்துருக் கோப்பில் வழங்குநர் குறி: பார்த்தவை, திருத்தியவை (மூவர் குறிப்புகள்)

வளைகோடு:
வழங்குநர் குறி என்பது எழுத்துருவை வெளியிடுபவரைச் சுட்டும் சிறு அடையாளம். ஓப்பன்டைப் எழுத்துருக் கோப்புக்குள் தகவல்கள் பல அட்டவணைகளாக இருக்கும்; அவற்றில் ஓஎஸ்/2 என்ற அட்டவணையில் இந்தக் குறிக்கு இருப்பது 4 பைட், அதாவது 4 எழுத்து இடம் மட்டும். அடோபிக்கு ஏ, டி, பி, இ (ADBE). மைக்ரோசாஃப்டுக்கு எம், எஸ் (MS), பிறகு இரண்டு வெற்றிடம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பட்டியலைப் பராமரிப்பது மைக்ரோசாஃப்ட். உங்கள் குறியை வேறு யாரும் எடுத்திருக்கிறார்களா என்று அதில் தேடிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

கைக்கு வரும் கோப்புகளில் அடிக்கடி கண்ணில் படுவது பெரிய பி, சிறிய எஃப், பெரிய இ, சிறிய டி (PfEd). அது எந்த நிறுவனமும் இல்லை! எழுத்துரு உருவாக்கும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜின் பழைய பெயர் பிஎஃப்ஏஎடிட், அதன் மிச்சம். பி, ஒய், ஆர், எஸ் (PYRS) என்று இருந்தால் ஃபான்ட்லேப் என்ற இன்னொரு மென்பொருள் தானாகப் போட்டது. எழுத்துரு திரையில் ஒழுங்காகவே தெரியும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. எழுத்துருக்களைச் சோதிக்கும் கருவியான ஃபான்ட்பேக்கரியில் கூகுள் ஃபான்ட்ஸ் சோதனையை ஓட்டினால் மாட்டிக்கொள்ளும்.

அச்சுக்கோவை:
வளைகோடு சொன்னதோடு ஒன்று. இந்தக் குறி வரைந்தவரையோ உரிமையாளரையோ காட்டாது, விநியோகிப்பவரைத்தான் காட்டும். ஸாஃப் டிங்பாட்ஸ் என்ற சின்னங்களின் எழுத்துருவை வரைந்தவர் ஹெர்மன் ஸாஃப், வெளியிட்டது 1978இல் ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனம், விற்றவர்களோ பலர். ஆளுக்கொரு குறி இருக்கும். உரிமத் தகராறில் இதைச் சான்றாக நீட்டாதீர்கள். கோப்பின் பெயர் அட்டவணையில் எண்ணிட்ட பதிவுகள் உண்டு: 0 பதிப்புரிமை, 8 தயாரிப்பாளர், 9 வடிவமைப்பாளர், 13 உரிமம். அங்கே பாருங்கள்.

மெய்ப்புள்ளி:
திருத்தும் வழி: ஃபான்ட்ஃபோர்ஜில் எலிமென்ட், ஃபான்ட் இன்ஃபோ, ஓஎஸ்/2, அங்கே வெண்டர் ஐடி. ஆனால் ஃபான்ட்ஃபோர்ஜ் கோப்பு முழுவதையும் புதிதாக எழுதும்; தமிழ் எழுத்துருவில் கொம்பும் காலும் சேரும் விதிகளைப் பிறகு சோதித்தே ஆகவேண்டும். இந்த ஒரு குறிக்காக அந்த வம்பு எதற்கு? எழுத்துருவைப் படிக்கக்கூடிய உரையாக மாற்றித் தரும் டிடிஎக்ஸ் கருவியில் ஓஎஸ்/2 அட்டவணையை மட்டும் வெளியே எடுத்து, குறியை மாற்றி, மூலக் கோப்போடு இணைத்துவிடுங்கள். கோப்பு பிழையின்றி இருக்கிறதா எனச் சரிபார்க்கும் எண்ணான செக்சம்மை அதுவே கணக்கிடும். டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் செல்லாமல் போகும்.

குறி 3 எழுத்தானால் நான்காவது இடத்தில் வெற்றிடத்தை நீங்களே தட்டுங்கள். விட்டால் பூச்சிய பைட் உட்கார்ந்துவிடலாம். பெயர் அட்டவணையின் 3ஆம் பதிவையும் திறந்து பாருங்கள். பதிப்பு எண், அரைப்புள்ளி, குறி, அரைப்புள்ளி, போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர் (மென்பொருள்கள் எழுத்துருவை அடையாளம் காணும் உள்பெயர்) என்று பழைய குறி அங்கே அப்படியே கிடக்கலாம். ரெகுலர், போல்டு என்று எல்லாக் கோப்பிலும் மாற்றுங்கள். போல்டில்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.