தட்டருகே உறுமும் நாய்: அடைக்கலம் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

கோவையிலிருந்து

அடிபட்ட நாய்களுக்கும் கைவிடப்பட்ட நாய்களுக்கும் நிலையான வீடு அமையும்வரை எங்கள் வீட்டில் இடம் கொடுப்பது வழக்கம். இப்போது இருப்பவள் செவலை. நாட்டு நாய். கோழிக்கடை வாசலில் கழிவைத் தின்று வளர்ந்தவள். வண்டி மோதிப் பின்னங்கால் முறிந்ததால் இங்கே வந்து சேர்ந்தாள். காது நுனியில் வெட்டு இருந்ததால் கருத்தடை ஏற்கெனவே முடிந்திருந்தது தெரிந்தது.

விலா எலும்பு தெரியும் நாயைப் பார்த்தால் யாருக்கும் தட்டு நிறையச் சோறு போடத்தான் தோன்றும். அங்கேதான் ஆபத்து. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால், இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவு சட்டென்று இறங்கி, இதயமே தடுமாறிப்போகலாம். அதனால் மருத்துவர் சொன்னபடி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்குப் பலமுறை கொடுத்தோம். குழைந்த சோறு, தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி, கொஞ்சம் மஞ்சள் பூசணி. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. மலம் இறுகி, அவள் கண்ணில் தெளிவு வந்த பிறகே அளவைக் கூட்டினோம்.

"சாம்பார் சோறு தின்றுதானே நம் ஊர் நாய்கள் எல்லாம் வாழ்ந்தன, ஏன் அம்மா இவளுக்கு மட்டும் தனிச் சமையல்?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. "வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும், அத்தை. தின்ற அன்றே எதுவும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்து, நாய் சோர்ந்து படுக்கும். அப்போது சாம்பாரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை" என்றேன். மறுநாளிலிருந்து பருப்பு வெந்ததும் செவலைக்கு ஒரு கரண்டி தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் வெங்காயம் போடுகிறார். வீட்டில் அவள் உணவின்மீது அவரைவிடக் கண்டிப்பானவர் இன்று யாரும் இல்லை.

உடல் தேறியதும் உறுமல் தொடங்கியது. தட்டின்மேல் குனிந்தபடி உடல் விறைக்கும், விழுங்கும் வேகம் கூடும், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியும், பிறகு தொண்டையிலிருந்து அந்தச் சத்தம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: நாலு அடி போட்டுத் தட்டைப் பிடுங்கினால்தான் எஜமான் யார் என்று அதற்குப் புரியும். இதை நான் முழு மனத்தோடு மறுக்கிறேன். கடைவாசலில் ஒவ்வொரு துண்டுக்கும் சண்டையிட்டுப் பிழைத்தவளிடம் தட்டைப் பிடுங்கினால், அவள் பயந்தது சரிதான் என்று நாமே நிரூபித்துக் காட்டுகிறோம். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கிவிட்டால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்தமுறை சத்தமில்லாமல் கடிக்கும்.

நாங்கள் செய்தது வேறு. அவள் சாப்பிடும்போது, உடல் விறைக்காத தூரத்தில் நடந்துபோவேன். போகிறபோக்கில் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் வீசிவிட்டு நிற்காமல் போய்விடுவேன். தட்டில் இருப்பதைவிட ருசியானது என்னிடமிருந்து வரவேண்டும், என்னால் எதுவும் பறிபோகக் கூடாது. வாரங்கள் போகப்போகத் தூரத்தைக் குறைத்தேன். அவள் இறுகினால் மீண்டும் பழைய தூரம். பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் அந்தப் பக்கம் அனுமதியே இல்லை. இப்போது காலடிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கி என் கையைப் பார்க்கிறாள், வால் ஆடுகிறது. இந்தக் கட்டம் வந்த பிறகே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவது, உட்காருவது, கழுத்துப் பட்டைக்குப் பழகுவது எல்லாவற்றையும் ஆரம்பித்தோம். அவற்றைக் கற்றுக்கொள்ள அவளுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. அடுத்த வேளைச் சோறு வருமா என்ற கவலை தீராத நாய்க்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்பதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு நாயிடமும் நான் கண்டது. எனவே சோற்று நேரத்தை ஒருநாளும் மாற்றாதீர்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் துண்டு கடலை அளவு இருந்தால் போதும். மொத்தத்தில் அது ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

விருதுநகரிலிருந்து

எங்களிடம் இருப்பது இராஜபாளையம் இனம். 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற பெருமைக்குரிய நாய். ஆனால் வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவியிலேயே காது கேளாமை இந்த இனத்தில் சில குட்டிகளுக்கு வருகிறது. எங்கள் முத்துவும் அப்படித்தான். "சொன்னால் கேட்பதில்லை, முரடு" என்று சொல்லி ஒருவர் கட்டிப்போட்டிருந்தார். அவனுக்குக் காது கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியவே இல்லை. நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

கேளாத நாய்க்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது உட்காருவதல்ல, தொட்டால் பயப்படாமல் இருப்பது. அவன் பார்க்கும்போதே தோளை மெல்லத் தொடுவோம், உடனே ஒரு துண்டு முட்டை. பிறகு அவன் வேறு பக்கம் பார்க்கும்போது தொட்டு, முட்டை. தூங்கும்போது திடீரென்று தொடுவதில்லை. மூக்கருகே உணவைக் காட்டினால் வாசனையில் தானே எழுந்துவிடுவான். திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் தரையைக் காலால் தட்டுவோம், இரவில் திண்ணை விளக்கை அணைத்து அணைத்துப் போடுவோம். 'நல்ல பிள்ளை' என்று சொல்வதற்குப் பதிலாகக் கட்டைவிரலை உயர்த்துவோம். உண்மையில் நாய்கள் நம் சொல்லைவிடக் கையைத்தான் கூர்ந்து கவனிக்கின்றன. காது கேட்கும் நாய்க்கும் சைகையில் தொடங்கினால் சீக்கிரம் பிடிபடும். வெளியே மட்டும் கயிறில்லாமல் விடுவதே இல்லை, ஹாரன் சத்தம் அவனுக்குக் கேட்காது.

சென்னையிலிருந்து

அடுக்குமாடி வீடு, மூன்றாவது மாடி, தத்தெடுத்த குட்டி. பக்கத்து வீட்டார் பாசத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பசும்பால் கொடுத்ததில் வயிற்றுப்போக்கு வந்து, வீடு முழுக்க அவஸ்தை. பால் மறக்கிற வயதுக்குப் பின் பல நாய்களுக்குப் பால் செரிப்பதில்லை என்றார் மருத்துவர். பாலை நிறுத்தியதும் சரியானது. உணவு மாற்றும்போதும் ஒரே நாளில் மாற்றாமல், பழையதில் புதியதைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் முழுக்க மாற்றினோம்.

குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ என்ற தொற்றுநோய்க்குப் பயந்து, தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு பஸ், ஆட்டோ, காய்கறி வண்டி எல்லாவற்றையும் காட்டினோம். சிறுநீருக்குப் பால்கனியில் ஓரிடம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அங்கே கொண்டுபோய் விடுவோம், போனால் உடனே பரிசு. வேறிடத்தில் போய்விட்டால் பேசாமல் துடைப்போம். மூக்கைத் தேய்த்துத் தண்டிக்கும் பழக்கத்தை நம் வீடுகளில் இன்னும் பார்க்கிறேன். அதனால் குட்டி கற்பது ஒன்றே ஒன்று, நமக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போவது. ஒரு கேள்வி: வரப்போவது இவனுடைய முதல் தீபாவளி. என்ன செய்யலாம்?

மீண்டும் கோவையிலிருந்து

சென்னை நண்பருக்கு: அன்று இருட்டுவதற்கு முன்பே உணவு, வெளியே போய்வருதல் இரண்டையும் முடித்துவிடுங்கள். சன்னல் மூடிய உள் அறையில் மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடட்டும். ஒளிந்துகொண்டால் வெளியே இழுக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து தடவிக்கொடுங்கள், அதனால் பயம் வளராது. இப்போதிலிருந்தே வெடிச் சத்தப் பதிவைக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒலிக்கவிட்டு, ஒலிக்கும்போதெல்லாம் அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுங்கள். அவன் சாப்பிடுவதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று பொருள், குறைத்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும், வெடிக்குப் பயந்து ஓடித் தொலையும் நாய்கள் ஒவ்வோராண்டும் உண்டு. அப்படியும் நடுங்குவான் என்று தோன்றினால் மருத்துவரை முன்கூட்டியே பாருங்கள். நாமாக மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.