பாளையங்கோட்டைப் பள்ளி நேர நெரிசலுக்கு, பிள்ளைகளைக் காரில் கொண்டுவிடுவதுதான் காரணமா?

கேள்வி – திருநெல்வேலி டவுனிலிருந்து ஒரு தந்தை:
என் மகள் பாளையங்கோட்டையில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எட்டரை மணிக்கு அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட, ஏழேமுக்காலுக்கே காரை எடுக்க வேண்டியிருக்கிறது. ஈரடுக்கு மேம்பாலத்தை விட்டு இறங்கியதிலிருந்து தாமிரபரணி ஆற்றின் மேலுள்ள சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டும்வரை ஊர்ந்துதான் செல்கிறோம். மே மாதத்திலோ அதே நேரத்தில் இருபது நிமிடங்களில் பாளை போய்விடுகிறேன். என்னைப் போன்ற பெற்றோர்தான் நெரிசலை உண்டாக்குகிறோமா?

பதில் 1 – போக்குவரத்துத் திட்டமிடல் படித்தவர்:
மே மாதத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது. அப்போது பலர் விடுப்பில் ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஆனாலும் உங்கள் ஐயத்தில் பெரும்பகுதி சரியே. ஏற்கெனவே நிரம்பிய சாலையில் சில வண்டிகள் கூடினாலும் தாமதம் பலமடங்கு பெருகும். பேருந்தில் ஓர் இருக்கையில் போக வேண்டிய பிள்ளைக்காக உங்கள் கார் நாளொன்றுக்கு நான்கு முறை ஆற்றைக் கடக்கிறது. அவற்றில் இரு முறை பிள்ளையே அதில் இல்லை. 1843-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தை இன்றும் இரு கரை மக்களும் பெரிதும் நம்பியிருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பள்ளி வாசலில் நடப்பது இதைவிட மோசம். ஒரு வாசலில் ஐந்து கார்கள் நிற்க இடமிருந்து, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் நின்றால், இருபது நிமிடங்களில் ஐம்பது கார்கள்தான் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போக முடியும். அதே இருபது நிமிடங்களுக்குள் இருநூறு கார்கள் வந்தால், மீதி நூற்றைம்பதும் சாலையில்தான் நிற்கும். காருக்கு ஆறு மீட்டர் என்றாலும் அந்த வரிசை 900 மீட்டர் நீளும். சாலையை அகலப்படுத்தினாலும் வாசல் அகலமாகப் போவதில்லை.

பதில் 2 – மேலப்பாளையத்திலிருந்து ஒரு தாய்:
அண்ணாச்சி, பெற்றோரை மட்டும் குறை சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பாஸ் உண்டு. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களும் கட்டணமின்றிப் போகலாம் என்பதால், தாயும் கூடவே போய்வர முடியும். ஆனால் படிக்கட்டில் தொங்கும் கூட்டத்துக்குள் எட்டு வயதுப் பிள்ளையை எப்படி ஏற்றுவது? நடக்க விடலாமென்றால், ஓரமெல்லாம் பைக்குகளை நிறுத்தியிருப்பதால் பிள்ளை சாலையின் நடுப்பக்கமாக ஒதுங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் மூன்று தாய்மார்கள் முறை வைத்து ஆறு பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகிறோம். பள்ளி அருகில் இருப்பதால் அது முடிகிறது.

பதில் 3 – ஓய்வுபெற்ற ஆசிரியை:
இத்தாலியின் போல்சானோ நகரில் 1989-லேயே பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பள்ளித் தெருக்களை வண்டிகளுக்கு மூடினார்கள். பாளையில் பள்ளிகள் அடுத்தடுத்து இருப்பதால், தெருவை மூடுவதைவிட, தொடங்கும் நேரத்தைப் பள்ளிக்குப் பள்ளி கால் மணி நேரம் மாற்றி வைப்பதே எளிது. வேன்களையும் ஆட்டோக்களையும் முதலில் வாசலுக்கு விட வேண்டும், ஏனென்றால் ஒரே வண்டியில் பல பிள்ளைகள் வருகிறார்கள்.

கேட்டவர்:
நன்றி. திங்கட்கிழமை முதல் முருகன்குறிச்சியிலேயே காரை ஓரமாக நிறுத்திவிட்டு, மகளோடு பள்ளிவரை நடக்கப்போகிறேன். நேரத்தை மாற்றுவது பற்றிப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் எழுத்தாகவே கேட்கிறேன். மேலப்பாளையம் சகோதரியும் அவர்கள் பள்ளியில் கேட்டால் நல்லது.