கொடை வீடியோவுக்குக் குடத்தில் செய்த இடையிசை

அண்ணாச்சி, வீடியோவில் காட்சிகளுக்கு நடுவே வரும் குட்டி இடையிசையை எப்படிச் செய்வது என்று கேட்டீர்களே, என் அனுபவம் இது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கோயில் கொடை விழா வீடியோக்கள் போடுகிறேன். காட்சி மாறும் இடத்தில் நாலைந்து விநாடி இசை வேண்டும். ஓசியில் கிடைக்கும் லூப்கள், அதாவது சுற்றிச் சுற்றி ஒலிக்கும் இசைத்துண்டுகள், நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சுடலைமாடன் கொடைக்கு நடுவே ஹிப்ஹாப் டிரம் எப்படி ஒட்டும்? வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் தெரிந்த கலைஞர் ஒருவரைத் தேடிப் போனேன்.

"எவ்வளவு நேரம்லே அடிக்கணும்?"

"அஞ்சு விநாடி போதும் மாமா."

"குடத்தைச் சரிச்சு வைக்கவே அதைவிட நேரமாகுமே!" என்று சிரித்தார். ஆனாலும் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமுக்கு இம்மி பிசகாமல் அடித்துக் கொடுத்தார். அந்தக் கைக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு. ஒரு தட்டு 0.625 விநாடி, எட்டுத் தட்டு சரியாக 5 விநாடி. வீடியோவில் கணக்கு இடிக்காது.

வேலை வாங்குவது கார்வைதான், அதாவது அடித்த பிறகும் நீளும் ஒலி. குடத்தின் வாயில் பத்தி (குடம் அடிக்கும் மட்டை) விழுந்ததும் எழும் 'தும்' சட்டென்று அடங்காது. எட்டாம் தட்டோடு வெட்டினால், லூப் திரும்பும்போது அந்த ஒலி பாதியில் அறுந்துபோகும். அதனால் எட்டாம் தட்டைத் தாண்டி வழியும் கார்வையைத் தனியே நறுக்கி, இன்னொரு டிராக்கில் முதல் தட்டுக்கு நேராக வைத்துக் கலந்துவிடுவேன். லூப் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. இசை முடியும் இடத்தில் மட்டும் கார்வையை அடுத்த காட்சிக்குள் வழியவிடுங்கள், அவ்வளவு அழகு!

வெட்டும் இடத்தில் 'டிக்' கேட்டால், ஒலி அலை பூஜ்யக் கோட்டைத் தொடும் புள்ளியில் வெட்டவில்லை என்று அர்த்தம். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட் மென்பொருளில் பகுதியைத் தேர்ந்தெடுத்து இசட் விசையை அழுத்தினால், தேர்வின் ஓரங்களை அந்தப் புள்ளிக்கு அதுவே நகர்த்திக் கொடுக்கும். சேமிப்பது வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 முன்னும் பின்னும் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும்.

*

தம்பி, நீ எழுதினது அருமை. நான் அம்பாசமுத்திரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். குடத்தோடு உடுக்கையையும் சேர்ப்பதாக இருந்தால் ஒன்று கவனி. இடுப்புக் கயிற்றை அழுத்த அழுத்தச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். சுருதி ஏறிக்கொண்டிருக்கும்போதே நடுவில் வெட்டி இறங்கின இடத்தோடு ஒட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். கயிறு தளர்ந்த அடியில் தொடங்கி, மறுபடி தளரும் அடிக்கு முன்னால் வெட்டு. அப்புறம் அந்தக் கலைஞர் சம்மதித்தால் அவர் பெயரையும் வீடியோவில் போடு.